‘இனிமேல் எங்க கையில ஒண்ணும் இல்லம்மா’: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

கடும் நோயுற்ற குழந்தைகளின் குடும்பத்தாரிடம் மருத்துவர்கள் பேசும் விதம் குறித்து வந்த கடிதங்களிலிருந்து சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தரப்படுகிறது. எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களும் மருத்துவமனைகளின் அடையாளங்களும் தவிர்க்கப்பட்டுள்ளன. பதிலளிப்பவர் குழந்தைகள் நல மருத்துவர்.

என் ஆறு வயது மகளுக்கு இரத்தப் புற்றுநோய். சிகிச்சை முடிந்து ஓராண்டுகூட ஆகாத நிலையில் நோய் திரும்பிவிட்டது. மறுபடியும் மருந்து ஏற்றிப் பார்த்தார்கள்; பலனில்லை. ஒரு நாள் காலை ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டர், கட்டிலருகே நின்றபடியே, ‘இனிமேல் எங்க கையில ஒண்ணும் இல்லம்மா, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க’ என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து என் கணவர் ரிப்போர்ட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைகிறார். அவர் சொன்னது உண்மைதான் என்றால், எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது?
– தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து ஒரு தாய்

அம்மா, உங்கள் கோபத்தில் தவறில்லை. அந்த மருத்துவர் சொல்ல வந்த செய்தி, இந்த நோயை முழுமையாகக் குணப்படுத்தக்கூடிய மருந்து இனி இல்லை என்பது. உங்கள் காதில் விழுந்ததோ, உங்கள் மகளுக்காக இனி யாரும் எதுவும் செய்யப்போவதில்லை என்பது. முதலாவது உண்மையாக இருக்கலாம். இரண்டாவது, மனிதாபிமானத்தை விடுங்கள், மருத்துவ அறிவின்படியே பிழையானது. புற்றுநோய் முற்றிய குழந்தைக்கு வரும் வலியை வாய்வழி மார்ஃபின் கொண்டு பெருமளவு அடக்க முடியும். மூச்சுத்திணறலுக்கும் வாந்திக்கும் வாய்ப்புண்ணுக்கும் தூக்கமின்மைக்கும் மருந்து உண்டு. இரத்தக் கசிவு இருந்தால் தட்டணுக்கள் ஏற்றலாம். காய்ச்சல் வந்தால் எதுவரை மருத்துவம் பார்ப்பது, எப்போது மருத்துவமனைக்கு வருவது என்பதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம். இத்தனை வேலை மிச்சமிருக்கும்போது ‘ஒன்றுமில்லை’ என்று எப்படிச் சொல்வது?

அந்த ஒரு வாக்கியம் வீட்டில் என்ன செய்கிறது என்பதை உங்கள் கணவரின் அலைச்சலே காட்டுகிறது. ஒரு மருத்துவமனை கைவிரித்துவிட்டது என்று நினைக்கும் தகப்பன், கைவிரிக்காத ஒருவரைத் தேடித்தான் போவார். அப்படிப் போகிறவர்கள் நகையை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கி, ‘நூறு சதவீதம் குணம்’ என்று விளம்பரம் செய்பவர்களிடம் போய்ச் சேர்வதைப் பல முறை பார்த்திருக்கிறேன். அவர்களை அறியாமை என்று குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. பக்கத்தில் இருந்த கதவை நாம்தான் சாத்தினோம்.

இதைக் கேட்டுவிட்டு, மருத்துவர்கள் கெட்ட செய்தியைப் பூசி மெழுக வேண்டும் என்று சொல்கிறேனோ என யாரும் எண்ண வேண்டாம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் புற்றுநோயுற்ற குழந்தைகளின் பெற்றோர் 194 பேரிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2006இல் வெளிவந்தது. நோயின் போக்கைப் பற்றி எவ்வளவு முடியுமோ அவ்வளவும் தெரிய வேண்டும் என்று அவர்களில் 87 சதவீதத்தினர் கூறினார்கள். அந்த விவரங்கள் தங்களை மிகவும் நிலைகுலைய வைத்தன என்று சொன்னவர்களும் அதே அளவுக்கு அவற்றை அறிய விரும்பினார்கள். அதே குழுவினர் அடுத்த ஆண்டு வெளியிட்ட முடிவு இன்னும் முக்கியமானது: நோயின் நிலையை விரிவாக எடுத்துச் சொன்ன மருத்துவரிடம் பேசிய பெற்றோர், குணமாகும் வாய்ப்பு குறைவாக இருந்தபோதிலும், அந்தப் பேச்சு தங்களுக்கு நம்பிக்கை தந்ததாகவே அதிகம் தெரிவித்தார்கள். சொல்லாமல் விடுவதற்கும் விலை உண்டு. அதே நகரில் புற்றுநோயால் இறந்த குழந்தைகளைப் பற்றிய 2000ஆம் ஆண்டு ஆய்வில், இனிக் குணமாக வாய்ப்பில்லை என்பதை மருத்துவர்கள் உணர்ந்தது இறப்புக்குச் சராசரியாக 206 நாட்களுக்கு முன்பு. பெற்றோர் உணர்ந்தது 106 நாட்களுக்கு முன்பு. இடையில் போன மூன்று மாதத்துக்கு மேற்பட்ட காலத்தில் அந்தக் குழந்தைகள் பாட்டி வீட்டுக்குப் போயிருக்கலாம், பள்ளித் தோழர்களைப் பார்த்திருக்கலாம்.

உங்களிடம் அந்தச் செய்தி எப்படிச் சொல்லப்பட்டிருக்க வேண்டும்? உங்களையும் கணவரையும் ஓர் அறையில் உட்காரவைத்து, ஏறக்குறைய இப்படி: ‘நோயைக் குணமாக்கும் மருந்துகளை எல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டோம். நாம் நினைத்தபடி அவை வேலை செய்யவில்லை. மேலும் மேலும் மருந்து ஏற்றினால் பாப்பாவுக்கு வேதனைதான் கூடும் என்று அஞ்சுகிறேன். இனி அவளுக்கு வலி இல்லாமல் பார்த்துக்கொள்வதும், அவள் விரும்புகிற இடத்தில் இருக்க வைப்பதும் நம் வேலை. அதை நாங்கள் உங்களோடு சேர்ந்து செய்வோம். வருகிற செவ்வாய்க்கிழமை என்னை வந்து பாருங்கள். இடையில் எது என்றாலும் இந்த எண்ணுக்கு அழையுங்கள்.’ இதில் ஒரு பொய்யும் இல்லை. பெற்றோர் பெரும்பாலும் பிடித்துக்கொள்வது கடைசி இரண்டு வரிகளைத்தான்; செவ்வாய்க்கிழமை என்று ஒரு நாள் குறிக்கப்பட்டுவிட்டால், அந்த மருத்துவமனை இன்னும் தங்களுடையது என்று அவர்களுக்குத் தோன்றுகிறது.

இப்போது செய்யக்கூடியது: கணவரையும் அழைத்துக்கொண்டு அதே மருத்துவரிடம் நேரம் கேட்டுப் போங்கள். ‘குணமாக்க முடியாது என்பது புரிகிறது, இனி என்னென்ன செய்வீர்கள்?’ என்று நேராகக் கேளுங்கள். வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பது உங்கள் உரிமை. சிகிச்சைச் சுருக்கத்தை எழுதித் தரச் சொல்லி, ஒரு நல்ல குழந்தைப் புற்றுநோய் மையத்தில் காட்டுங்கள். அங்கும் அதே கருத்து என்றால் அலைச்சலை நிறுத்திக்கொள்ளலாம். வலி நிவாரண, ஆதரவு சிகிச்சைப் பிரிவு எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள். தமிழக அரசு 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து ஆதரவு சிகிச்சை அளிக்கும் செவிலியர்களும் இருக்கிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

மூன்று வயது மகன் மூளைக்காய்ச்சலில் ஐ.சி.யூ.வில் இருந்தான். முதல் நாளிலிருந்தே ‘சீரியஸ்’ என்றார்கள். நான்காம் நாள் ‘ஸ்டேபிள்’ என்றார்கள். ஊருக்கெல்லாம் போன் செய்து தேறிவிட்டான் என்று சொன்னேன். மறுநாள் இரவு டூட்டி டாக்டர் ஒரு படிவத்தை நீட்டி, ‘ஹார்ட் நின்னா எல்லாமே பண்ணட்டுமா, வேண்டாமா?’ என்று கேட்டார். ‘எல்லாமே பண்ணுங்க’ என்று கையெழுத்திட்டேன். கடைசியில் அவன் நெஞ்சை அழுத்தியதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவனை நான்தான் வேதனைப்படுத்திவிட்டேனா?
– கோவையிலிருந்து ஒரு தந்தை

இல்லை ஐயா. அந்தக் கேள்விக்கு ‘வேண்டாம்’ என்று சொல்லக்கூடிய தகப்பன் இருக்க முடியாது. ஏனெனில் அதன் மறுபக்கம் ‘என் பிள்ளைக்கு எதுவும் செய்யாதீர்கள்’ என்று சொல்வதாகவே ஒலிக்கிறது. இதயம் நின்ற பிறகு நெஞ்சை அழுத்தினால் உங்கள் மகன் மீள வாய்ப்பு இருந்ததா என்பது மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டியது. அதை அவர் முதலில் சொல்லி, தம் பரிந்துரையையும் சொல்லி, அதன் பிறகே உங்கள் கருத்தைக் கேட்டிருக்க வேண்டும். நள்ளிரவில் தனியாக நின்ற மனிதரிடம் பட்டியலை நீட்டித் தேர்ந்தெடுக்கச் சொல்வதை உரிமையளித்தல் என்று என்னால் கருத முடியவில்லை. சுமையைத் தோள் மாற்றுவதாகவே எனக்குப் படுகிறது.

கேட்கும் விதம் விடையை எவ்வளவு மாற்றும் என்பதற்கு 2013இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பரிசோதனை சான்று. பங்கேற்றவர்களிடம், தம் பெற்றோரோ துணைவரோ தீவிர சிகிச்சையில் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளச் சொல்லி, நடிகர் ஒருவரை மருத்துவராகப் பேச வைத்தார்கள். ‘இதயத்தை மீட்கும் முயற்சி வேண்டாம் என்ற உத்தரவு’ என்று கேட்டபோது 61 சதவீதத்தினர் அந்த முயற்சி வேண்டும் என்றார்கள். அதே முடிவை ‘இயல்பான மரணத்துக்கு இடம் கொடுத்தல்’ என்று சொன்னபோது 49 சதவீதத்தினரே வேண்டும் என்றார்கள். வயது வந்த நோயாளிகளைப் பற்றிய பரிசோதனைதான் இது. ஆனால் குழந்தை விஷயத்தில் சொல்லின் பாரம் குறையும் என்று நினைக்க எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

‘ஸ்டேபிள்’ பற்றியும் ஒரு சொல். ஐ.சி.யூ.வில் அதற்குப் பொருள், கருவிகளின் துணையோடு நேற்றைய நிலை இன்றும் நீடிக்கிறது என்பது மட்டுமே. வெளியே காத்திருப்பவர்களுக்கு அது ‘தேறிவிட்டான்’ என்று கேட்கிறது. ‘சீரியஸ்’ என்பதன் கதையும் அதுதான். முதல் நாளும் அதே சொல், கடைசி நாளும் அதே சொல் என்றால், இடையில் நிலைமை மாறியதைக் குடும்பம் எப்படி அறியும்? ‘இவன் இறந்துவிடக்கூடும் என்று அஞ்சுகிறோம்’ என்று யாராவது ஒருவர் ஒரு முறை வாய்திறந்து சொல்லியிருக்க வேண்டும். அது உங்களுக்குக் கிடைக்கவில்லை. நீங்கள் கையெழுத்திட்டது அன்பினால். அதைக் குற்றமாக்கிக்கொள்ள வேண்டாம்.

எனக்குப் பிறந்த பெண் குழந்தைக்கு எட்வர்ட்ஸ் சிண்ட்ரோம் என்று பரிசோதனையில் தெரிந்தது. டாக்டர் முதலில் கேட்ட கேள்வி, ‘சொந்தத்துல கல்யாணமா?’ ஆமாம், தாய்மாமனைத்தான் மணந்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டு ஏதோ எழுதிக்கொண்டார். பிறகு, ‘இது உயிர் வாழத் தகுதியில்லாத குழந்தை, இருந்தாலும் வெஜிடபிள் மாதிரிதான் இருக்கும்’ என்றார். குழந்தை நான்கு மாதம் இருந்தாள், என் குரல் கேட்டால் திரும்பிப் பார்ப்பாள். இன்றுவரை வீட்டில், சொந்தத்தில் கட்டியதால் வந்த வினை என்றுதான் பேசுகிறார்கள்.
– விருதுநகர் மாவட்டத்திலிருந்து ஒரு தாய்

முதலில் வீட்டாருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். எட்வர்ட்ஸ் சிண்ட்ரோம், 18ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதிலாக மூன்றாக அமைந்துவிடுவதால் வருவது. பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போது நேரும் தற்செயலான பிழை இது. தாயின் வயது கூடக்கூட வாய்ப்புக் கூடும். யாரை மணந்தார் என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. நெருங்கிய உறவில் மணந்தால் கூடுவது வேறு வகை நோய்கள்: தாய், தந்தை இருவரிடமும் மறைந்திருக்கும் ஒரே பழுதான மரபணு குழந்தையிடம் இணைவதால் வரும் தலசீமியா, சில வளர்சிதைமாற்ற நோய்கள் போன்றவை.

அந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாதா என்றால், கேட்கத்தான் வேண்டும். உறவுத் திருமணம் அதிகமுள்ள மாநிலங்களில் ஒன்றான தமிழ்நாட்டில் அதைக் கேட்காத குழந்தை மருத்துவர் கவனக்குறைவானவர். ஆனால் ஏன் கேட்கிறோம் என்று ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டுக் கேட்பதற்கும், கேட்டுவிட்டு மௌனமாகத் தலையாட்டுவதற்கும் இடையே ஒரு குடும்பத்தின் நிம்மதியே இருக்கிறது. ‘எல்லோரிடமும் கேட்கிற கேள்வி இது, இந்த நோய்க்கு அது காரணமில்லை’ என்று அவர் சொல்லியிருந்தால், இத்தனை காலம் நீங்கள் பேச்சு வாங்கியிருக்க வேண்டியதில்லை. ‘ஏன் இவ்வளவு லேட்டா கொண்டு வந்தீங்க?’ என்ற கேள்வியும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. நோயைக் கண்டறிய அது எதுவும் உதவுவதில்லை. தாயின் நெஞ்சில் மட்டும் தங்கிவிடுகிறது.

‘வாழத் தகுதியில்லாத’ என்ற சொற்றொடர் உங்கள் மருத்துவர் மட்டும் சொல்வதன்று. கனடாவின் மொன்றியல் நகரைச் சேர்ந்த பச்சிளங்குழந்தை மருத்துவர் அன்னி ஜான்வியேவும் சக ஆய்வாளர்களும் 13, 18ஆம் குரோமோசோம் மிகையுள்ள குழந்தைகளின் பெற்றோர் 332 பேரிடம் கேட்டு 2012இல் வெளியிட்ட ஆய்வில், 87 சதவீதத்தினர் இதே பொருள்படும் சொல்லைக் கேட்டிருந்தார்கள். பாதிப் பேரிடம் ‘வெஜிடபிள்’ என்றே சொல்லப்பட்டிருந்தது. அதே பெற்றோரில் 97 சதவீதத்தினர் தம் குழந்தை மகிழ்ச்சியான குழந்தை என்றார்கள். இணையவழி ஆதரவுக் குழுக்களில் சேர்ந்த பெற்றோர் என்பதால் இது எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் இந்தக் குழந்தைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றே முதல் பிறந்த நாளைத் தாண்டும் என்ற கசப்பான உண்மையைச் சொல்ல, ‘தகுதி’ என்ற சொல் எதற்கு? ‘இவள் வாழ்நாள் மிகக் குறுகியதாக இருக்கக்கூடும்’ என்றாலே போதும். உங்கள் மகள் உங்கள் குரலுக்குத் திரும்பினாள் என்பதை யாருடைய சொல்லும் மாற்றிவிடாது. அடுத்த குழந்தையைப் பற்றி எண்ணும்போது, அந்தக் குரோமோசோம் அறிக்கையோடு ஒரு மரபியல் ஆலோசகரைப் பாருங்கள்.

பதினொரு வயதுப் பேரனுக்கு எலும்பில் புற்று, நுரையீரலுக்குப் பரவிவிட்டது. அவனிடம் எதுவும் சொல்லக்கூடாது என்று குடும்பமாக முடிவு செய்திருக்கிறோம். ஆனால் மருத்துவர், ‘அவன்கிட்ட சொல்லித்தான் ஆகணும்’ என்கிறார். இது என்ன நியாயம்?
– திருநெல்வேலியிலிருந்து ஒரு தாத்தா

உங்கள் முடிவில் இருக்கும் பாசத்தை மதிக்கிறேன், ஐயா. மருத்துவரின் கருத்து சரியானது. ‘ஆகணும்’ என்ற அவருடைய தொனிதான் சரியில்லை.

1970களில் மைரா புளூபாண்ட்-லாங்னர் என்ற மானிடவியலாளர் அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளோடு நெடுநாள் பழகிப் பார்த்தார். யாரும் சொல்லாமலேயே தாம் இறக்கப் போகிறோம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். மூன்று, நான்கு வயதினர்கூட. பெற்றோர் மனம் நோகக்கூடாது என்பதற்காகத் தெரியாததுபோல நடித்தார்கள். உங்கள் வீட்டிலும் பேரன் உள்ளே வந்ததும் பேச்சு நின்றுபோகும். அம்மா முகத்தைக் கழுவிக்கொண்டு வருவாள். பதினொரு வயதுப் பையனுக்கு அது போதும்.

சுவீடனில் குழந்தையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த பெற்றோர் 429 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2004இல் வெளியானது. குழந்தையிடம் மரணத்தைப் பற்றிப் பேசியிருந்த 147 பேரில் ஒருவர்கூட ஏன் பேசினோம் என்று வருந்தவில்லை. பேசாதவர்களில் 27 சதவீதத்தினர் வருந்தினார்கள். தன் நிலை குழந்தைக்குத் தெரிந்திருந்தது என்று உணர்ந்தும் பேசாமல் விட்டவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர். சுவீடன் வேறு, நம் ஊர் வேறு என்பீர்கள். இருக்கலாம். மரணத்தை நேராகப் பேசாமல் சுற்றிவளைத்துப் பேசுவதே நம் வழக்கம், அதில் தவறுமில்லை. உட்காரவைத்து அறிவிக்கச் சொல்லவில்லை. ‘உனக்கு என்ன ஆகியிருக்குன்னு நீ நினைக்கிறே?’ என்று அவனை நன்றாகக் கையாளத் தெரிந்த ஒருவர் கேட்கட்டும். அவன் எவ்வளவு கேட்கிறானோ அவ்வளவு சொல்லுங்கள். கேட்காததைத் திணிக்க வேண்டாம். கேட்டதற்குப் பொய் சொல்லவும் வேண்டாம். ‘இந்த ஊசி போட்டா சரியாயிடும்’ என்று சொல்லி அது சரியாகாதபோது, அடுத்து வலிக்காது என்று நீங்கள் சொல்வதையும் அவன் நம்ப மாட்டான். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால், சாவைத் ‘தூங்கிப்போவது’ என்று அவர்களிடம் சொல்லாதீர்கள். இரவில் தூங்கவே பயப்படுவார்கள்.

நான் பயிற்சி மருத்துவர். குழந்தைகள் வார்டில் பெற்றோர் அழும்போது எனக்கு வார்த்தை வருவதில்லை. என்ன சொல்ல வேண்டும்?
– சென்னையிலிருந்து ஒரு வாசகி

வார்த்தை வராதது உங்களுக்கு நல்லது. சரளமாக வருபவர்களைக் கண்டால்தான் எனக்குப் பயம். 2019 முதல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் மனப்பாங்கு, அறநெறி, உரையாடல் ஆகியவை பாடமாகவே சேர்க்கப்பட்டுவிட்டன. மருத்துவர்கள் வால்டர் பெய்ல், ராபர்ட் பக்மேன் உள்ளிட்டோர் கெட்ட செய்தியைச் சொல்வதற்கென 2000இல் வெளியிட்ட ஆறு படிகளையும் நீங்கள் படித்திருப்பீர்கள். அவற்றில் இரண்டாம் படியை மட்டும் மறக்காதீர்கள்: நீங்கள் பேசுவதற்கு முன், ‘இதுவரை உங்களுக்கு என்ன சொல்லியிருக்கிறார்கள்?’ என்று கேட்பது. பாதிச் சிக்கல் அங்கேயே தெரிந்துவிடும்.

அம்மாவை வெளியே நிறுத்திவிட்டு, ஊரிலிருந்து வந்த படித்த மாமாவிடம் ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிடும் வழக்கம் நம் மருத்துவமனைகளில் உண்டு. அதைச் செய்யாதீர்கள், இரவு முழுவதும் குழந்தையோடு இருப்பவள் அவள். ‘பெட் பதினாலு’ என்று சொல்லாமல் குழந்தையின் பெயரைச் சொல்லுங்கள். செய்தியைச் சொன்னதும் பேச்சை நிறுத்துங்கள். அதற்குப் பிறகு சில நிமிடங்கள் நீங்கள் சொல்வது எதுவும் அவர்கள் காதில் ஏறாது. ‘இன்னொரு குழந்தை இருக்கே’ என்று ஒருபோதும் சொல்ல வேண்டாம். ‘கடவுள் விட்ட வழி’ என்று அவர்கள் சொன்னால் மறுக்காதீர்கள். அதை நீங்கள் முதலில் சொன்னால், முயற்சியைக் கைவிட்டதாக அர்த்தமாகிவிடும். நோயுற்ற குழந்தைகளைப் ‘போராளி’ என்று பாராட்டும் பழக்கமும் எனக்கு உவப்பில்லை. மருந்து வேலை செய்யாதபோது, அந்தக் குழந்தை சரியாகப் போராடவில்லை என்று ஆகிவிடுகிறது.

டாக்டர் பேசுவதைப் போனில் பதிவு செய்துகொள்ளலாமா?
– சேலத்திலிருந்து ஒரு தந்தை

கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அதிர்ச்சியில் இருக்கும்போது கேட்டதில் பெரும்பகுதி மறந்துபோகும் என்பதால், பதிவு உங்களுக்கும் வீட்டில் இருப்பவர்களுக்கும் உதவும். மருத்துவர் தயங்கினால், முக்கியமான மூன்று நான்கு விஷயங்களைச் சீட்டில் தமிழில் எழுதித் தரும்படி கேளுங்கள்; அடுத்த முறை பார்க்க வேண்டிய தேதியும் அதில் இருக்கட்டும்.